தரவு இரட்டிப்பு நீக்கம்

சேமிப்புக் கருவி ஒன்றில் ஒரே தரவு பல இடங்களில் கிடந்தால், ஒரு படியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதைக் காட்டும் சுட்டியை எழுதிவைக்கும் நுட்பம். கணினித் துறையினர் பேச்சில் இது ‘டீடூப்’. ஆதார் பதிவில் ஒருவரே இருமுறை சேராமல் விரல் ரேகையையும் கருவிழியையும் ஒப்பிடுகிறார்களே, அது வேறு. அங்கே ஏறத்தாழ ஒத்துப்போனாலே பொருத்தம். இங்கே ஒரு பிட் மாறினாலும் வேறு தரவுதான்.

இரட்டிப்பு எப்படிச் சேர்கிறது என்பதை ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி, பாரூர் வட்டாரத்து வாகன உதிரிபாகத் தொழிலகம் ஒன்றின் சர்வரை வைத்து விளக்கலாம். வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடத்தை டிசைன், குவாலிட்டி, பர்ச்சேஸ் என்று ஆளுக்கொரு ஃபோல்டரில் சேமிப்பார்கள். பிறகு ‘ரெவ்-பி’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’ வரும். இரவு பேக்கப் ஓடும்போது அத்தனையும் மறுபடி படியெடுக்கப்படும். மறுநாள் இரவும் அப்படியே.

முழுக் கோப்புகளை ஒப்பிட்டால் ஆதாயம் குறைவு. அதனால் கோப்பைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் என்ற கைரேகை எண்ணைக் கணக்கிடுவார்கள். அந்த எண் அட்டவணையில் ஏற்கெனவே இருந்தால் துண்டை எழுதவேண்டியதில்லை. எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். டை குடையும் சிஎன்சி நிரல் பல மெகாபைட் நீளும் வெறும் எழுத்துக்கோப்பு. ஆபரேட்டர் அதன் தலைப்பில் டூல் எண்ணைக் குறித்து ஒரே ஒரு வரி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 4 கிலோபைட்டுக்கு ஒரு வெட்டு என்றால், பின்னால் வருவதெல்லாம் சில எழுத்துகள் தள்ளிப்போய் ஒரு துண்டுகூடப் பழையதோடு பொருந்தாது. மைக்கேல் ராபின் 1981இல் தந்த கைரேகைக் கணக்கு இதற்கு வழிவிட்டது. எம்ஐடியில் உருவாகி 2001இல் வெளியான எல்பிஎஃப்எஸ் கோப்பு முறைமை, 48 பைட் சாளரம் ஒன்றைத் தரவின் மேல் நகர்த்திக்கொண்டே போய், கைரேகையின் கடைசி 13 பிட்டுகள் குறித்த மதிப்புக்கு வரும் இடத்தில் வெட்டியது. துண்டு சராசரியாக 8 கிலோபைட் வரும். வெட்டும் இடத்தை உள்ளடக்கமே தீர்மானிப்பதால், சேர்த்த வரியை ஒட்டிய துண்டு மட்டுமே புதிது.

மிச்சம் சும்மா வருவதில்லை. 1 டெராபைட்டை 4 கிலோபைட் துண்டுகளாக்கினால் சுமார் 26.8 கோடி துண்டுகள். துண்டுக்கு 32 பைட் வீதம் ஷா-256 ஹாஷ் எண்களை மட்டும் வைக்கவே 8 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். 2001இல் தொடங்கப்பட்ட டேட்டா டொமைன் நிறுவனம், ‘இந்தத் துண்டு புதிதுதான்’ என்று நினைவகத்திலேயே சொல்லிவிடும் புளூம் வடிகட்டியையும் வேறு சில உத்திகளையும் சேர்த்து, அட்டவணைக்காக வட்டை நாடுவதில் 99 சதவீதத்தைத் தவிர்த்ததாக 2008இல் எழுதியது. மறு ஆண்டே நெட்ஆப்பும் இஎம்சியும் அதை வாங்கப் போட்டியிட்டன. இஎம்சி 210 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஜஸ்பிரீத் சிங், மிலிந்த் போரட்டே, ரமணி கோதண்டராமன் ஆகியோர் 2008இல் புனேயில் தொடங்கிய துருவா நிறுவனம், மடிக்கணினியிலேயே இரட்டிப்பைக் கண்டுபிடித்துப் புதிய துண்டுகளை மட்டும் இணையத்தில் அனுப்பும் வழியில் வளர்ந்தது. லைன் மெதுவான ஊர்களுக்கு இதுவே பொருத்தம்.

எஸ்எஸ்டிக்குள் கதை வேறு. ஃபிளாஷ் செல்லை அழித்து எழுதும் தடவைகளுக்கு வரம்பு உண்டு. ஆகவே இடத்தைவிட ஆயுளே பெரிய ஆதாயம். பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் முகவரிகளை இடம்மாற்றும் அட்டவணை ஏற்கெனவே இருப்பதால், பல முகவரிகளை ஒரே ஃபிளாஷ் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். 2011 பிப்ரவரியில் நடந்த ஃபாஸ்ட் என்ற சேமிப்பு நுட்ப மாநாட்டில் இந்த யோசனையோடு இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. ஒன்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிஏ-எஸ்எஸ்டி. அதை எழுதியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ஆனந்த் சிவசுப்ரமணியம். ஹாஷ் கணக்கிடத் தனிச் சில்லும், பேட்டரி தாங்கும் சிறு நினைவகமும் அதில் உண்டு. மற்றொன்றான சிஏஎஃப்டிஎல், எழுதும் அளவை 24.2 சதவீதம் வரை குறைத்துக் காட்டியது. சிக்கல் ‘குப்பை அள்ளும்போது’, அதாவது பயனற்ற பக்கங்களை அழித்து இடம் விடுவிக்கும்போது, வருகிறது. ஒரு பக்கத்தை இடம்மாற்றினால் அதைச் சுட்டும் எல்லா முகவரிகளையும் திருத்தவேண்டும். சிஏஎஃப்டிஎல் அதற்காக நடுவில் இன்னொரு அட்டவணை வைத்தது.

வீண் படிக்கும் வேண்டுமென்றே வைத்த படிக்கும் வித்தியாசம் கருவிக்குத் தெரியாது. இந்த நுட்பத்தின் மெய்யான பலவீனம் இதுதான். இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை, தன் நிர்வாகத் தரவைப் பாதுகாப்புக்காக ஒன்றுக்கு மேற்பட்ட படியாக எழுதுகிறது. கீழே உள்ள கருவி அவற்றை ஓசையில்லாமல் ஒன்றாக்கிவிட்டால், ஒரு பக்கம் கெட்டதும் எல்லாம் கெட்டது. ஹாஷை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் ஒரே ஷா-1 ஹாஷ் எண் தரும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. வெப்கிட் உலாவித் திட்டத்தின் சப்வெர்ஷன் நிரல் களஞ்சியத்தில் அவற்றைச் சேர்த்ததும் களஞ்சியமே முடங்கியது. சப்வெர்ஷன் இரட்டிப்பை அறிந்தது ஷா-1ஐ வைத்துத்தான்.

ரேமிலும் இரட்டிப்பு நீக்கம் உண்டு. விஎம்வேர் 2002இலேயே விளக்கியது, லினக்ஸ் கெர்னலில் 2009இல் கேஎஸ்எம் என்று வந்தது. ஒன்றாக்கிய பக்கத்தில் எழுத ஆகும் கூடுதல் நேரத்தை அளந்தே, அடுத்தவர் நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க முடியும். ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகத்தினர் 2016இல் இதைச் செய்துகாட்டிய பின், மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் அந்த வசதியை முடக்கியது.

எல்லாத் தரவுக்கும் இது பலன் தராது. தனித்தனிச் சாவியால் மறையாக்கிய கோப்புகளில் ஒத்த துண்டுகளே கிடைக்காது. சிசிடிவி பதிவும் அப்படித்தான். வெறும் வாசல்கதவை இரவு முழுக்கப் பிடித்திருந்தாலும் வீடியோ சுருக்கத்துக்குப் பின் துண்டுகள் ஒத்துப்போவதில்லை. அதற்கு வட்டு வாங்குவதும், பழையதைக் கெடு வைத்து அழிப்பதும்தான் வழி.