சமாரியன் வைத்த கணக்கு



லூக்கா பத்தாம் அதிகாரத்து நல்ல சமாரியனைத் தியானிக்கும்போது, அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்கட்டியதை நினைக்கிறோம். தன் வாகனத்தின்மேல் ஏற்றிக்கொண்டு போனதையும் நினைக்கிறோம். ஆனால் சத்திரத்தான் கையில் அவன் கொடுத்த இரண்டு பணத்தையும், மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக அவன் ஒப்புக்கொண்டதையும் ஏனோ விரைவாகக் கடந்துபோகிறோம். இரக்கத்திற்கும் ஒரு செலவுக் கணக்கு உண்டு. அப்படிப்பட்ட ஒரு கணக்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் அச்சிடப்பட்டது. அதை இவ்வாரம் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

அந்நகரம் ஊதியம் பெறாத தொண்டர்களால் காக்கப்பட்ட நகரம். 1736 டிசம்பரில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் அங்கே யூனியன் தீயணைப்புக் கழகத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் முப்பது பேர். ஒவ்வொருவரும் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை எடுத்துவருவதற்கான பைகளையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்திற்கு வராதவர் அபராதம் செலுத்த வேண்டும். அப்பணத்தில் ஏணிகளும் தீயணைப்பு இயந்திரமும் வாங்கினார்கள். (நம் சபைக் கமிட்டிகளுக்கும் இவ்விதி இருந்திருந்தால் இதற்குள் எத்தனை ஏணிகள் சேர்ந்திருக்குமோ!) இடம் கிடைக்காதவர்கள் வேறு கழகங்களை அமைத்துக்கொண்டார்கள், அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின.

1793-இல் அந்நகருக்கு வந்த ஆபத்தோ வாளிகளால் அணைக்கக்கூடியதல்ல. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மஞ்சள் காய்ச்சல் பரவி, ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த நகரில் சுமார் 5,000 பேரைக் கொன்றது. வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள். கணவன் மனைவியை விட்டும், பெற்றோர் பிள்ளைகளை விட்டும் ஓடினார்கள். கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்பதை அன்று எவரும் அறியார். கறுப்பின மக்களை இந்நோய் தொடாது என்று தவறாக நம்பிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அவர்களிடம் உதவி கேட்டார்.

அழைப்பை ஏற்றவர்கள் ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும். இருவரும் அடிமைகளாய்ப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். அந்நகரத்து மெதடிஸ்டு ஆலயம் ஒன்றில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த ஜோன்ஸைப் பிடித்து எழுப்பியதால் அவ்வாலயத்தை விட்டு வெளியேறியவர்கள். யார் யாருக்கு அயலானாய் இருந்தான் என்று ஆண்டவர் கேட்ட கேள்வியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பராமரித்தார்கள். வண்டிகளில் ஏற்றி நகருக்கு வெளியே புஷ் ஹில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். எவரும் தொடத் துணியாத சடலங்களை அடக்கம்பண்ணினார்கள். ரஷ் கற்பித்தபடி நோயாளிகளின் இரத்தத்தை வெளியேற்றவும் செய்தார்கள். அது கேடான வைத்தியம் என்று இன்று அறிகிறோம். அன்றைக்கோ அறிஞர் சொன்ன வைத்தியம் அதுதான். ஆலனும் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். முந்தின ஆண்டில் 67 ஆக இருந்த கறுப்பின மக்களின் அடக்கங்கள், அவ்வாண்டில் 305 ஆயின.

நோய் ஓய்ந்ததும் நன்றி வரவில்லை, பழி வந்தது. மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பினச் செவிலியரில் சிலர் மிகுந்த கூலி பறித்தார்கள், திருடவும் செய்தார்கள் என்று எழுதினார். அந்நூல் எங்கும் விற்றது. 1794-இல் ஜோன்ஸும் ஆலனும் ஒரு சிறு நூலில் மறுமொழி கொடுத்தார்கள். அதில் வசைமொழிகளைவிட என் மனதை நிறுத்துவது அவர்களுடைய வரவுசெலவுக் கணக்கே. சடலங்களை அடக்கம்பண்ணவும் படுக்கைகளைப் புதைக்கவும் பெற்றது 233 பவுன் 10 ஷில்லிங் 4 பென்ஸ். அமர்த்திய ஐந்து பேருக்குக் கொடுத்த கூலி 378 பவுன். திரும்பக் கிடைக்காத சவப்பெட்டிகளின் விலை 33 பவுன். ஆகக் கைப்பணத்தில் இழந்தது 177 பவுன் 9 ஷில்லிங் 8 பென்ஸ். சமாரியன் சத்திரத்தானிடம் சொன்னதுபோல மிச்சத்தைத் தருவேன் என்று அவர்களிடம் சொல்ல எவரும் வரவில்லை.

நகர மேயர் அவர்களுடைய உழைப்புக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டில் ஜோன்ஸின் தலைமையில் புனித தோமா ஆலயமும், ஆலனின் தலைமையில் பெத்தேல் ஆலயமும் எழும்பின.

1818-இல் அந்நகரத்துக் கறுப்பின இளைஞர் சிலர் தங்களுக்கென ஒரு தீயணைப்புக் கழகம் அமைக்க முயன்றார்கள். கழகங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன, இன்னொன்று வந்தால் அமைதி கெடும் என்று வெள்ளையர் கழகங்கள் கூட்டம் போட்டு எதிர்த்தன. கலகத்திற்கு அஞ்சிய கறுப்பின மூத்தவர்களே இளைஞர்களை இணங்கவைக்க, அக்கழகம் ஒரு தீயையும் அணைக்குமுன் கலைந்தது. பிலடெல்பியாவில் அப்போது வீடுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டியே நின்றன.