கதை எழுதியவரின் பெயர் என்ன?

கடந்த தவணை எமது பாடசாலையில் தமிழ்மொழித் தின நாடகப் போட்டி நடந்தது. 10ஆம் தர மாணவியர் நடித்த நாடகத்துக்கு முதலிடம். மறுநாள் காலைக் கூட்டத்தில் நடித்த பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் வாசித்தோம். பழக்கிய ஆசிரியைக்கு நன்றி சொன்னோம். உடுப்புத் தைத்துத் தந்த தாய்மாருக்கும், ஒலிபெருக்கி தந்து உதவியவருக்கும் நன்றி சொன்னோம்.

கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும்போது ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சேர், நாடகம் எழுதினவட பேர் மட்டும் வாசிக்கல்லயே."

உண்மைதான். அந்த நாடகத்தை எழுதியது அவளுடைய தோழி. அவளுக்கு நடிக்கக் கூச்சம். மேடைக்கு வரவே இல்லை. பெயர்ப் பட்டியலைத் தயாரித்தவரைக் குறை சொல்லலாம் என்று பார்த்தால், அதைத் தயாரித்தது நாம்தான்.

அன்றிலிருந்து ஒரு பெண்ணின் கதை மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் ஒதுக்கி வாசியுங்கள்.

அவருடைய பெயர் பிரான்சிஸ் மரியன். திரைக்கதை எழுதி ஒஸ்கார் விருது பெற்ற முதல் பெண். இரண்டு தடவை பெற்றார். எழுத்துக்காக இரண்டு ஒஸ்கார் பெற்ற முதல் ஆளும் அவர்தான், ஆண்களையும் சேர்த்து. இருந்தும் எம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

1888ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். மரியன் பென்சன் ஓவன்ஸ் என்பது இயற்பெயர். பாடசாலையில் ஆசிரியரைக் கேலிச்சித்திரமாக வரைந்து அகப்பட்டுக்கொண்டார். 12 வயதில் அந்தப் பாடசாலையை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆசிரியர்களாகிய நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எமது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எம்மையே வரைந்து வைத்திருக்கும் பிள்ளையை நாம் என்ன செய்வோம்?

பிறகு ஓவியக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தார். 1906இல் சான் பிரான்சிஸ்கோவைப் பூமியதிர்ச்சியும் தீயும் அழித்தபோது அந்தக் கல்லூரியும் எரிந்து போனது. பத்திரிகை நிருபர், விளம்பர ஓவியர் என்று கிடைத்த வேலைகளைச் செய்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போய் ஒரு நாடக அரங்குக்குச் சுவரொட்டி வரைந்தார். 1914 அளவில் லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநர் அவரைத் தன்னிடம் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சினிமாவின் கதவை அவருக்குத் திறந்துவிட்டதும் ஒரு பெண்தான்.

அது பேசாப்படக் காலம். படம் பேசாது என்றால் எழுத்தாளருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். உண்மையில் வேலை அதிகம். ஒவ்வொரு காட்சிக்கும் இலக்கமிட்டு, எந்த இடம், யார் எங்கிருந்து வருகிறார், முகத்தில் என்ன தெரிகிறது, கெமரா கிட்டவா தூரவா என்று எழுத வேண்டும். இடையிடையே திரையில் தோன்றும் எழுத்து வரிகளையும் எழுத வேண்டும். அந்த வரிகள் நீண்டால் பார்ப்பவருக்குச் சலிப்பு வரும். எனவே சொல்லைக் குறைத்து, செயலால் கதை சொல்லத் தெரிந்தவரே நின்று பிடித்தார். ஓவியம் படித்த மரியனுக்கு அது கைவந்த கலை.

நியூயோர்க் பக்கம் போய் ஒரு படக் கொம்பனியில் வேலை கேட்டபோது நடந்ததைப் பாருங்கள். வெளியிட முடியாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட படம் ஒன்று அங்கே கிடந்தது. கொம்பனி முதலாளியின் மகளே நடித்த படம். சோகமாக எடுக்கப் போய், பார்ப்பவர் சிரிக்கும்படி ஆகியிருந்தது. மரியன் அதற்கு ஒரு புதிய தொடக்கமும் ஒரு புதிய முடிவும் எழுதினார். சோகப் படம் நகைச்சுவைப் படமாக மாறியது. 9,000 டொலருக்கு விலை போனது. வாரத்துக்கு 200 டொலர் சம்பளத்தில் வேலையும் கிடைத்தது.

1917இல் மேரி பிக்போர்டுக்காக ஒரு படம் எழுதினார். அந்நாளில் உலகமே அறிந்த நடிகை அவர். பணக்கார வீட்டில் பெற்றோரின் கவனிப்பின்றித் தனித்து வாழும் சிறுமியின் கதை. பிக்போர்டுக்கு அப்போது 24 வயது. நடித்தது 11 வயதுப் பிள்ளையாக. சேற்றை வாரி எறிந்து விளையாடும் காட்சிகளை இரு பெண்களும் சேர்த்தார்கள். இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. கொம்பனி மேலாளர்களுக்கும் பிடிக்கவில்லை, படம் விழுந்துவிடும் என்றார்கள். மக்கள் கொண்டாடினார்கள். அதன் பிறகு பிக்போர்டின் எழுத்தாளராக வருடத்துக்கு 50,000 டொலருக்கு ஒப்பந்தமானார்.

மரியன் மட்டும்தான் அப்படி இருந்தாரா? இல்லை. ஜூன் மத்திஸ் ஒரு கொம்பனியின் கதைப் பிரிவுக்கே தலைவியாக இருந்தார். 1921இல் ருடொல்ப் வலன்டினோ என்ற நடிகரை உச்சிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 'பத்துக் கட்டளைகள்' படத்தின் 1923ஆம் ஆண்டுப் பதிப்பை எழுதியவர் ஜீனி மக்பர்சன். அனிட்டா லூஸ், பெஸ் மெரடித் என்று பட்டியல் நீளும்.

எப்படி இத்தனை பெண்கள்? சினிமா அன்று மதிப்பில்லாத தொழில். படித்த ஆண்கள் அதை ஒரு தொழிலாகவே எண்ணவில்லை. யாருக்கு என்ன பதவி என்ற சட்டதிட்டமும் இல்லை. வாரா வாரம் புதுப் படம் வேண்டும். கதை யார் கொண்டு வந்தாலும் வாங்கினார்கள். காவல் இல்லாத வாசலால் பெண்கள் உள்ளே வந்தார்கள். காவல் வந்தபோது என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

மரியன் 1919இல் பிரெட் தொம்சனைத் திருமணம் செய்தார். முதலாம் உலகப் போரில் படையில் மதகுருவாக இருந்தவர். பிறகு குதிரைவீரர் படங்களில் பெரிய நட்சத்திரமானார். கணவரின் படங்கள் சிலவற்றுக்கு மரியன் கதை எழுதினார். ஆனால் தன் பெயரில் எழுதவில்லை. பிராங்க் எம். கிளிப்டன் என்ற ஓர் ஆண் பெயரில் எழுதினார். ஹொலிவூட்டில் முன்வரிசையில் இருந்த எழுத்தாளருக்கே தன் பெயரை மறைத்து எழுதும் நிலை!

1928 டிசம்பர் 25ஆம் திகதி தொம்சன் ஏற்புவலி நோயால் இறந்தார். கையில் இரண்டு சிறு ஆண்பிள்ளைகள். அதே நேரத்தில் சினிமா பேசத் தொடங்கியது. பேசாப்படத்தில் கொடிகட்டிப் பறந்த பலர் அந்த மாற்றத்தில் காணாமல் போனார்கள். மரியனோ மறுபடி எழுதினார். இந்த முறை ஆண்களின் உலகத்தைப் பற்றியே எழுதினார்.

'த பிக் ஹவுஸ்' ஒரு சிறைச்சாலைக் கதை. அதை எழுத சான் குவென்டின் சிறைக்கு நேரிலே போய்ப் பார்த்தார். நெரிசலில் அடைக்கப்பட்ட மனிதர்கள் எப்படி மாறிப்போகிறார்கள் என்பதே அந்தப் படத்தின் உயிர். 1930இல் அது அவருக்கு முதல் ஒஸ்காரைத் தந்தது. அடுத்து 'த சாம்ப்'. குடியால் சீரழிந்த குத்துச்சண்டை வீரரும் அவரை விட்டுக்கொடுக்காத சின்ன மகனும். தனியாக இரண்டு மகன்மாரை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு தாய் எழுதிய தகப்பன் கதை அது. 1932இல் அதற்கும் ஒஸ்கார்.

அந்தச் சிலையைப் பற்றி அவர் அடித்த பகிடி ஒன்று உண்டு. உடம்பு பலமாக இருக்கிறது, கையில் வாள் இருக்கிறது, மூளை இருக்க வேண்டிய தலையின் பாதியைத்தான் வெட்டிவிட்டார்கள், சினிமாத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் இல்லை என்பது அதன் சாரம்.

எமக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். மேரி டிரெஸ்லர் என்று ஒரு நாடக நடிகை. மரியன் இளம் நிருபராக இருந்த நாட்களிலேயே அவரை அறிந்தவர். 1920களில் டிரெஸ்லரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வயது போய்விட்டது, உடம்பு பருமன், அழகுக்கும் பேர் போனவர் அல்லர். வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. மரியன் அவரை மனதில் வைத்தே பாத்திரங்கள் எழுதினார். எம்.ஜி.எம். கலையகத்தின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பர்க்கிடம் அவருக்காக வாதாடினார். கிரெட்டா கார்போ முதன்முதல் பேசிய 'அன்னா கிறிஸ்டி' படத்தில் டிரெஸ்லருக்கு ஒரு நல்ல பாத்திரம் கிடைத்தது. அதே 1930இல் வந்த 'மின் அண்ட் பில்' அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஒஸ்காரைத் தந்தது. 60 வயதைக் கடந்த அந்தப் பெண், 1933இல் அமெரிக்காவில் வசூலில் முதலிடத்தில் நின்ற நட்சத்திரம். இதையெல்லாம் செய்தது ஒரு தோழியின் பேனா.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1926இல் வந்த 'த சன் ஒப் த ஷேக்' படத்தின் எழுத்திலும் அவருடைய பெயர் இருக்கிறது. பாலைவனத்து அரபிகள் என்றால் கொள்ளையரும் பெண்களைக் கடத்துவோரும்தான் என்ற படிமத்தை உலகம் முழுக்கக் கொண்டு போன படங்களில் அதுவும் ஒன்று. தன் இனத்துப் பெண்களை முழு மனிதராக எழுதத் தெரிந்தவருக்கு, தான் அறியாத மக்களை அப்படி எழுத முடியவில்லை. ஒரு சமூகத்தின் கதையை அந்தச் சமூகத்தவர் எழுதாவிட்டால், யாராவது ஒருவர் எழுதிவிடுவார். அது எப்படி இருக்கும் என்பதை எமக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த வாசலுக்கு வருவோம். சினிமாவில் பெரும் பணம் புழங்கத் தொடங்கியது. சிறு கொம்பனிகள் பெரிய கலையகங்களுக்குள் அடங்கின. ஒலி உபகரணங்களுக்கு வங்கிகளின் கடன் வந்தது. நியூயோர்க்கிலிருந்து நாடகாசிரியர்களும் பத்திரிகையாளர்களும் வந்து குவிந்தார்கள். 1927இல் ஒஸ்கார் வழங்கும் அகடமியைத் தொடங்கியவர்கள் 36 பேர். அதில் பெண்கள் மூவர் மட்டுமே: பிக்போர்ட், மக்பர்சன், மெரடித். மதிப்பில்லாத தொழிலுக்கு மதிப்பு வந்தது. வாசலுக்குக் காவலும் வந்தது.

1933இல் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் புதிதாக எழுந்தபோது மரியன் அதன் உப தலைவரானார். ஆனால் எம்.ஜி.எம்.மில் பெண் எழுத்தாளர்களின் ஆதிக்கம் என்று சில ஆண்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். மற்றவர்கள் தன்னிடம் ஆலோசனைக்குத் தரும் கதைகளை, பெயர் எழுதாத வெறும் உறைகளுக்குள் வைத்துக் கொண்டு திரிந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். யாருடைய கதையில் ஒரு பெண் கை வைத்தாள் என்பது வெளியே தெரியக்கூடாதாம்.

1936இல் தால்பர்க் 37 வயதில் இறந்தார். எழுத்தாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட ஆளும் போய்விட்டது. மரியன் 1937இல் திரைக்கதை எழுதுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். தான் கற்றதைப் பூட்டி வைக்காமல் புதியவர்களுக்குக் கொடுத்தார். 1946இல் ஹொலிவூட்டை விட்டு விலகி நாவல், நாடகம், சிற்பம் என்று வாழ்ந்தார். 1972இல் தன் நினைவுகளை நூலாக்கினார். அடுத்த வருடம் மே மாதம், 84ஆவது வயதில் காலமானார்.

மேரி பிக்போர்டையும் கிரெட்டா கார்போவையும் உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மறைத்தது எல்லாம் எதிரிகள் என்று சொல்ல முடியாது. சிலர் மறைத்தார்கள், சிலவற்றை அவரே மறைத்தார். மிச்சத்தை, எம்மைப் போல யோசிக்காமல் பட்டியல் போட்டவர்கள் விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையை மேடைக்கு அழைத்தோம். நாடகத்தின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் வாசித்தோம். பட்டியலில் விட்டது எமது பிழை என்பதையும் சொன்னோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பின்வரிசையிலிருந்து கேட்ட கைதட்டல்தான் பலமாக இருந்தது.

இடைவேளையில் வந்து ஒன்று கேட்டாள்: "சேர், அடுத்த வருசத்துக்கும் எழுதட்டா?"

ஆசிரிய நண்பர்களே, பெற்றோரே, ஒரு சிறிய வேண்டுகோள். அடுத்த தடவை நன்றி சொல்லும் பட்டியலைத் தயாரிக்கும்போது முதல் வரியில் இதைக் கேளுங்கள்: இதை எழுதியது யார்?

உங்கள் பாடசாலையிலும் இப்படிப் பெயர் விடுபட்ட ஒரு பிள்ளை இருக்கலாம். இன்னும் நேரம் போகவில்லை.