அத்தியாவசியம் என்றொரு சொல்

பெருந்தொற்றின்போது உணவு உற்பத்தித் தொழிலாளர்களை 'அத்தியாவசியமானவர்கள்' என்று கொண்டாடினார்கள். இந்தச் சொல் மீதுதான் எனக்குச் சந்தேகம். எது அத்தியாவசியம்? ஆளா, சரக்கா?

1906இல் அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் வெளிவந்தது. சிகாகோ இறைச்சிக்கூடங்களில் உருக்குலைந்துபோன புலம்பெயர் தொழிலாளிகளைப் பற்றித்தான் சோசலிஸ்டான அவர் எழுதினார். வாசித்தவர்களுக்கோ தங்கள் தட்டிலிருந்த கறியே உறுத்தியது. அதே வருஷம் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. வெட்டுகிறவர்களைக் காப்பதற்கான பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வர 1970 ஆயிற்று.

அந்தச் சட்டத்தின் லட்சணத்தை 2020இல் பார்த்தோம். தெற்கு டக்கோட்டாவின் சியூ ஃபால்ஸ் நகரில், ஸ்மித்ஃபீல்ட் பன்றியிறைச்சி ஆலை. குளிர், தோளோடு தோள் நின்று வெட்டும் வரிசை, எந்திர இரைச்சலை மீறிக் கத்தித்தான் பேசணும். கிருமிக்கு வேறென்ன வேணும்? குறைந்தது 1,294 பேருக்குத் தொற்று, நால்வர் மரணம். ஏப்ரல் 28இல், ஆலைகளை ஓடவைப்பதற்கான ஆணையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். தேசப் பாதுகாப்புக்கு அத்தியாவசியம் என்று அதில் சொல்லப்பட்டது இறைச்சி, தொழிலாளி இல்லை.

செப்டம்பரில் ஆலைக்கு அபராதம் விதித்தார்கள்: 13,494 டாலர். அந்த மீறலுக்குச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பே அவ்வளவுதான். தொற்று கண்டவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்குப் பத்து டாலர் சொச்சம்.

ஒரு முதலாளியின் பேராசை என்று இதை முடித்துவிடுவது சுலபம். தின்கிறவரின் வயிற்றிலிருந்தே யோசிக்கப் பழகிய அதிகாரத்துக்கு, வெட்டுகிறவரின் நுரையீரல் கண்ணிலேயே படவில்லை. சின்க்ளேரின் வாசகர்களைப்போலத்தான் நாமும் வாசிச்சுக்கிட்டு இருக்கோமோ?