காரைக்கால் துறைமுகமும் நம் முன்னோர் காத்த ஷரீஅத்தும்

அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த காரைக்கால், காவிரிப் படுகையின் நெல்லுக்குக் கடல்வாயிலாக விளங்கிய ஊர். வடக்கே தரங்கம்பாடியும் தெற்கே நாகூரும் நாகப்பட்டினமும் அருகருகே நின்ற இக்கரையிலிருந்து மரைக்காயர்களின் கப்பல்கள் இலங்கைக்கும் பினாங்குக்கும் சென்று வந்தன.

1738-இல் அரியணையை இழந்த தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி, அதை மீட்க உதவினால் காரைக்காலைத் தருவதாகப் பிரெஞ்சுக்காரருக்கு வாக்களித்தார். அரியணை கிடைத்ததும் தயங்கினார். சந்தா சாகிபின் துணையுடன் 1739-இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். பலமுறை கைமாறிய பின், 1817-இல் நிலையாகப் பிரான்சிடம் திரும்பியது. கோட்டை கட்டக்கூடாது என்பது உடன்படிக்கையின் நிபந்தனை. ஆகவே அதன்பின் இவ்வூருக்கு வாழ்வளித்தது படை அன்று, வணிகமே.

பிரான்சு வியட்நாமின் தென்பகுதியைக் கைப்பற்றியதும் நம்மவர் சைகோனுக்குச் சென்று துணிக்கடைகள் வைத்தனர். அந்நகரின் நடுவே 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது.

ஆண்கள் ஆண்டுக்கணக்கில் கடல் கடந்து வாழ்ந்த குடும்பங்களில் திருமணமும் வாரிசுரிமையும் எந்தச் சட்டப்படி நடக்கும் என்பது பெருங்கேள்வியாயிற்று. கணவர் சைகோனில் மறைந்தால் காரைக்கால் வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் உரிய பங்கு என்ன? 1819 ஜனவரி 6 அன்று பிறப்பித்த ஆணையில், இந்தியர்கள் அவரவர் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியும் நீதி பெறுவர் எனப் பிரெஞ்சு அரசு உறுதியளித்திருந்தது. முஸ்லிம்களுக்கு அது ஷரீஅத்.

1881 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆணை வேறொரு வழியைத் திறந்தது. தம் தனிச்சட்டத்தைத் துறப்பதாக ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டால், பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் அவருக்கும் அவர் சந்ததிக்கும் பொருந்தும். அவ்வாறு துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். குடியேற்ற நாடுகளின் அரசுப் பணிகளில் ஐரோப்பியருக்கு நிகரான உரிமை கோர அது அவர்களுக்கு உதவிற்று. ஆயினும் முஸ்லிம்களில் பெரும்பாலோர் அவ்வழியை நாடவில்லை. வணிகராகவே வாழ்ந்தனர், நிக்காஹும் பாகப்பிரிவினையும் மார்க்கச் சட்டத்தின்படியே நீடித்தன.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அம்மாற்றம் சட்டப்படி நிறைவுற்றது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் 1968-இல் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு விரிவாக்கப்பட்டபோது, அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கும் சேர்க்கப்பட்டது. பாட்டனார் இட்ட ஒரு கையொப்பம் பேரனின் வாரிசுரிமையை இன்றளவும் தீர்மானிக்கிறது! ஆகவே நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பிரெஞ்சுப் பத்திரங்களைப் பழைய தாள் என்று எறிந்துவிடாமல், படித்தறிந்து பாதுகாப்பது நம் கடமை.

அதைவிடப் பெரிய கடமை ஒன்று உண்டு. அல்லாஹ் சூரத்துந் நிஸாவில் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்குகளை வகுத்துத் தந்துள்ளான். 'சீர் செய்தாயிற்றே' என்று சொல்லிச் சகோதரியின் பங்கை நாம் நிறுத்திக்கொள்ளும்போது, முன்னோர் கையொப்பமிட்டுத் துறக்க மறுத்த சட்டத்தை, நாம் கையொப்பமே இன்றித் துறந்துவிடுகிறோம்.

உரியவர்க்கு உரியதை ஒப்படைக்கும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.