கையடக்கத் திருமறைநூல்

கல்லறைத் திருநாள் மாலைத் திருப்பலியில் வாசகம் வாசிக்க ஓர் இளைஞரை அழைத்தோம். இரண்டாம் மக்கபேயர் நூல், 12-ஆம் அதிகாரம் என்றோம். அவர் தம் கைப்பேசியில் நெடுநேரம் தேடிவிட்டு, "சாமி, இதில் அந்த நூலே இல்லையே" என்றார். உண்மைதான். அவர் இறக்கி வைத்திருந்த செயலியில் இருந்தவை 66 நூல்கள். திருச்சபை ஏற்கும் 73-இல் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆகிய ஏழும் அங்கில்லை. இறந்தோருக்காக மன்றாடுவதைச் சொல்லும் பகுதியை இறந்தோர் நாளன்று காணோம்!

கையில் அடங்கும் விவிலியம் நம் காலத்துப் புதுமையன்று. 13-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரில், மிக மெல்லிய தோலில், பொடி எழுத்தில், முழு விவிலியமும் ஒரே சிறு நூலாக எழுதப்பட்டது. ஊர்தோறும் நடந்து மறையுரையாற்றிய துறவியருக்கு அது வழித்துணை. அங்குக் கற்பித்த ஸ்டீபன் லாங்டனின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் அதிகாரப் பகுப்பும் இந்நூல்களின் வழியே பரவிற்று.

நூல் கைக்கு வந்தபின், வேண்டிய சொல்லை அதனுள் கண்டெடுப்பது எங்ஙனம்? அந்நகரின் புனித யாக்கோபு மடத்தில் வாழ்ந்த சாமிநாதர் சபைத் துறவியர், சேன் ஷேர் ஊரினரான ஹியூவின் தலைமையில் இதற்கு வழி கண்டனர். வசன எண்கள் அப்போது இல்லை. ராபர்ட் எஸ்டியேன் புதிய ஏற்பாட்டுக்கு அவற்றை இட்டு அச்சிட்டது 1551-இல்தான். எனவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறாகக் கொண்டு, இலத்தீன் எழுத்துகளால் குறித்து, ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கு வருகிறதென அகரவரிசையில் தொகுத்தனர். அரிய உழைப்பு. எனினும் ஒரு குறை: இடம் இருந்தது, வாக்கியம் இல்லை. 'அன்பு' என்று தேடியவர் முன் நின்றவை வெறும் குறியீடுகளே. ஆங்கிலத் துறவியர் சிலர் வாக்கியங்களைச் சேர்த்தனர். தொகுப்பு தாங்கவொண்ணாதபடி பெருத்தது. அளவாகச் சுருக்கிய மூன்றாம் தொகுப்பே நிலைத்தது. சூழல் அறியாத சொல் மறையுரைக்கு உதவாது என்பதை அவர்கள் பட்டறிந்தே கற்றனர்.

இவ்வுழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர்களுள் முன்னோடி, இத்தாலிய இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா. புனித தோமா அக்குவினாஸ் 'உடனிருத்தல்' பற்றிக் கூறுவதை ஆய்ந்த அவர், இலத்தீனின் 'இன்' என்னும் சிறு சொல்லைக் கூட விடாது, 10,000 அட்டைகளைக் கையால் எழுதினார். 1949-இல் நியூயார்க் சென்று ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்சனின் உதவியை வேண்டிப் பெற்றார். அட்டைகளில் துளையிட்ட இளம்பெண்கள் பலரின் பெயர்கள் நெடுங்காலம் எவர் நினைவிலும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்களின் அட்டவணை, 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அச்சேறியது. 2005-இல் இணையத்திற்கு வந்தது. பூசா 2011-இல் இறைவனடி சேர்ந்தார்.

கையடக்கக் கருவிகளின் கதை சுருக்கமானது. 1989-இல் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் நிறுவனம் 'கிங் ஜேம்ஸ்' மொழிபெயர்ப்பை ஒரு சிறு கருவிக்குள் அடக்கியது. 1996-இல் பாம் பைலட் வந்தது. 2008-இல் ஐஃபோன் செயலிகளுள் விவிலியமும் இடம்பெற்றது. இம்முயற்சிகளில் முந்திக்கொண்டோர் பெரும்பாலும் சீர்திருத்தச் சபையினர். அவர்தம் நூல் வரிசையே கருவிக்குள் சென்றது. இதில் வஞ்சம் ஏதுமில்லை. நாம்தான் பிந்தினோம். இன்று 1995-இன் பொது மொழிபெயர்ப்பும் கைப்பேசியில் கிடைக்கிறது. எதை இறக்குகிறோம் என்று பார்ப்பவர் சிலரே.

அன்று மாலை உபதேசியார் கோயிலுக்கு ஓடிச்சென்று அச்சிட்ட திருவிவிலியத்தை எடுத்து வந்தார். இருட்டிவிட்டது, மெழுகுவர்த்தியும் காற்றில் நிற்கவில்லை. அந்த இளைஞர் தம் கைப்பேசியின் விளக்கை ஏற்றி, அதன் ஒளியில் மக்கபேயர் நூலை வாசித்து முடித்தார்.