களவுக்கு ஈடு கொடுத்த காவல்

தாமிரபரணிக் கரையில் சில நூற்றாண்டுகள் வாழ்ந்து, கும்பினி ஆட்சியில் நோயில் விழுந்து, இருபதாம் நூற்றாண்டின் பாதிக்குள் மூச்சை விட்ட ஒரு ஏற்பாட்டுக்கு இந்த இரங்கல். அதன் பெயர் காவல். அது போனபோது அழுதவர்களைவிட, தொலைந்தது சனியன் என்று நிம்மதி அடைந்தவர்களே அதிகம். அவர்கள் மேல் தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பிணத்தோடு சேர்த்து ஒரு நல்ல வழக்கத்தையும் புதைத்துவிட்டோம்.

குலம் பழையது. சோழ, பாண்டியக் கல்வெட்டுகளிலேயே பாடிகாவல் என்றொரு வரி வருகிறது. நாயக்கர் காலத்தில் பாளையங்கள் உண்டான பிறகு திருநெல்வேலிச் சீமையில் காவல் இரண்டு கிளையாக வளர்ந்தது. ஓர் ஊரின் வீடு, வயல், களம், மாடுகளைப் பார்த்துக்கொண்டது ஸ்தலகாவல். பல ஊர்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட வழிகளையும் பார்த்தது தேசகாவல். அது பாளையக்காரர்கள் கையில் இருந்தது. ஸ்தலகாவலைத் தலைமுறை உரிமையாகச் செய்தவர்கள் பெரும்பாலும் மறவர் குடும்பங்கள். ஆற்றுப் பாசன ஊர்களில் கார், பிசானம் என்று இரண்டு போகம். அறுத்த நெல் வீட்டுக்குப் போகுமுன் காவல்காரர் பங்கைக் களத்திலேயே அளந்துவிடுவார்கள்.

வாங்கிய நெல்லுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஊரில் களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். புலனாய்வும் காப்பீடும் ஒரே ஆளிடம் இருந்தன. ‘விசாரிச்சிட்டு இருக்கோம், அப்புறம் வாங்க’ என்று சொல்லி அனுப்பினால் நஷ்டம் காவல்காரருக்கே. ஆகவே யார் புதிதாக ஊருக்குள் வந்தது, யார் வீட்டில் திடீரென்று பணம் புரள்கிறது, எந்தச் சந்தையில் எவருடைய மாடு கைமாறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டியிருந்தது.

நோய் உள்ளேயே இருந்தது. காவல் வேண்டாம் என்று சொன்னவர் வீட்டு மாடு தொலைந்தது. வைக்கோல் படப்பு எரிந்தது. தொலைந்த மாட்டை இருக்கிற இடம் கண்டு ஓட்டி வந்து தருவதற்கு மாட்டுக்காரர் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குத் துப்புக்கூலி என்று பெயர். துப்பு சொன்னவனும் ஓட்டிப் போனவனும் ஒரே கூட்டமாக இருந்த சம்பவங்கள் ஏராளம். பாதுகாப்புக்கு என்று தொடங்கிய கூலி, பயத்துக்குக் கட்டும் கப்பமாக மாறியது. பாளையக்காரர்கள் வசூலித்த தேசகாவல் பணத்தைப் பற்றிக் கலெக்டர் லஷிங்டன் சொன்ன பெரிய புகாரும் இதுதான். கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலும் இந்தக் காவல் முறை இடம்பெறுகிறது.

சாவு ஒரே நாளில் வரவில்லை, தவணை தவணையாக வந்தது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் பாளையக்காரர் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. தேசகாவல் வருமானத்தைக் கும்பினி தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1816-ஆம் ஆண்டு ஒழுங்குச் சட்டம் ஊர்ப் போலீஸ் வேலையைக் கிராம முன்சீப்பிடமும் தலையாரியிடமும் கொடுத்தது. 1859-இல் சென்னை மாகாணத்துக்கே சீருடைப் போலீஸ் வந்தது. அப்போதும் ஊர்களில் காவல் சாகவில்லை. குடியானவர் சர்க்காருக்கு வரியும் காவல்காரருக்கு நெல்லும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1896-இல் வடக்கே திண்டுக்கல் வட்டாரத்தில் ஊர்கள் ஒன்று கூடி, இனிக் காவல்காரர் வேண்டாம் என்று சத்தியம் செய்தன. ஆபத்தென்றால் கொம்பு ஊதினார்கள். பொது நிதி சேர்த்து, பழிவாங்கலில் நஷ்டப்பட்டவர்களுக்கு அதிலிருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். காவலை ஒழிக்கக் கிளம்பியவர்கள்கூட ஈடு கொடுக்கும் வழக்கத்தை விடவில்லை. நோய் எது, உயிர் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சர்க்காருக்குத் தெரியவில்லை. ஏற்பாட்டின் குற்றத்தை அதைச் செய்த சாதிகளின் ரத்தத்தில் தேடியது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கள்ளர்களையும், பின்னர் மறவர்களில் ஒரு பிரிவினரையும் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவு செய்தார்கள். கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. பழைய காவலின் வரலாற்றில் மன்னிக்க முடியாத பகுதி துப்புக்கூலி என்றால், காவலை ஒழித்தவர்களின் வரலாற்றில் அப்படிப்பட்ட பகுதி இந்தச் சட்டம்.

இன்று வாரிசு யார்? திருநெல்வேலி மாநகரத்துக்கு 1997-இல் தனிப் போலீஸ் கமிஷனரகம் வந்தது. டவுன் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் சிசிடிவி கேமரா இருக்கிறது. நகைக்கடை வாசலில் செக்யூரிட்டி நிற்கிறார். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் செயின் பறிப்பு போன்றவை தனிக் குற்றமாகவே வந்துவிட்டன. சாதி பார்த்துக் காவல் உரிமை தருகிற காலம் போனது பெரிய லாபம். மிரட்டிக் கூலி வாங்குகிறவனை இன்று கைது செய்ய முடியும் என்பதும் லாபமே.

ஆனால் மகாராஜநகரில் ஒரு அம்மாவின் தாலிச் செயின் பறிபோனால் அந்த நஷ்டம் முழுக்க அந்த அம்மாவுடையது. மீட்ட நகையும் நீதிமன்றம் வழியாகத்தான் திரும்ப வரும். மீளாவிட்டால் எவர் சம்பளமும் குறையாது. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் உயிருக்கும் உடலுக்கும் நேர்ந்த கேட்டைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. இரண்டு பவுன் செயினுக்கு அங்கே இடம் தேடுவது வீண்.

நகைக்கெல்லாம் போலீஸே பணம் கட்டட்டும் என்று கேட்கவில்லை. அப்படி ஒரு விதி வந்தால் புகாரையே வாங்காமல் விரட்டுவார்கள். கேட்பது கணக்கு. ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் மாதந்தோறும் பலகையில் எழுதட்டும்: எத்தனை திருட்டுப் புகார் வந்தது, எத்தனைக்கு எப்.ஐ.ஆர். போட்டார்கள், எவ்வளவு மீட்டார்கள், எவ்வளவு உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்கு எரியாத தெருக்களின் பட்டியலை மாநகராட்சியும் பக்கத்தில் ஒட்டட்டும். கூலி வாங்குகிறவர் பதில் சொல்ல வேண்டும் என்ற பழைய நிபந்தனையில் இன்று மீட்க முடிந்தது இவ்வளவுதான்.

அதுவரை உங்கள் பங்குக்கு ஒன்று செய்யுங்கள். பொருள் களவு போனால், வெறும் மனு ரசீதோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். எப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.