எழுதிய கையும் கட்டிய கையும்

ஏடு மறைத்ததைச் சுவர் காட்டிக் கொடுப்பதுண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், மாண்டிசெல்லோக் குன்றின் உச்சியில் நிற்கும் மாளிகை அதற்குச் சான்று.

அந்நிலம் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 1769-இல், தந்தைவழிச் சொத்தாக வந்த குன்றில் தாமஸ் ஜெபர்சன் இம்மாளிகையை எழுப்பத் தொடங்கினார். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் நூல்களைக் கற்று, தாமே திட்டம் வகுத்தார். முகப்பிலே தூண்கள், மேலே குவிமாடம், கூடத்திலே கிழமையையும் காட்டும் பெருங்கடிகாரம். அறிவும் அழகும் கைகோத்த மாளிகை!

மனிதர் யாவரும் சமம் என்று முழங்கிய 1776-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவரும் இவரே. அந்த எழுதுகோலை நாம் போற்றுகிறோம். ஆனால், அவர் வாழ்நாளில் அடிமைகளாக வைத்திருந்தோர் 600-க்கும் மேற்பட்டவர்கள்!

உணவறையைப் பாருங்கள். கணப்பின் இருபுறமும் சிறு தூக்குப்பெட்டிகள். நிலவறையிலிருந்து மதுப்புட்டி மேலே வரும். அதை ஏற்றி அனுப்பியவன் வரமாட்டான். சுவரிலே பலகைகள் பொருத்திய சுழற்கதவு. உணவு உள்ளே திரும்பும். சமைத்தவள் வெளியிலேயே நிற்பாள். சமையற்கட்டோ குன்றின் சரிவிலே, மேடைக்கு அடியில். அதன் கூரைதான் விருந்தினர் உலாவும் தளம். கீழே அடுப்பின் அனல். மேலே மாலைத் தென்றல்! சமத்துவம் பேசிய உணவறையில் அடிமையின் முகம் தெரியாதிருக்கக் கட்டடக்கலையே திரை பிடித்தது.

அந்தத் திரை முழுவதும் மறைத்துவிடவில்லை. செங்கற்களில், அவற்றை வார்த்த அடிமைகளின் விரற்பதிவுகள் இன்றும் காணப்படுகின்றன. மாளிகையின் நேர்த்தியான மரவேலைகளில் அடிமைத் தச்சர் ஜான் ஹெம்மிங்சின் திறன் விளங்குகிறது. 1794-இல் தொடங்கிய ஆணிப்பட்டறையிலோ 10 முதல் 16 வயதுவரையுள்ள சிறுவர்கள் சம்மட்டி பிடித்தனர்.

1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், பெருங்கடன் விட்டு ஜெபர்சன் மறைந்தார். உயிலில் விடுதலை பெற்றவர் ஐவர். அவர்களுள் ஒருவர் கொல்லர் ஜோ பாசெட். அவருடைய மனைவியும் பிள்ளைகளும்? 1827 ஜனவரியில் 130 பேர் ஏலத்திற்கு நிறுத்தப்பட்டபோது, அவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றனர்! கடனுக்கு ஈடாக நாற்காலியும் விற்கப்பட்டது. நாற்காலி செய்த இனத்து மனிதனும் விற்கப்பட்டான்.

மாளிகையை இடிக்கச் சொல்லவில்லை நாம். பிரகடனத்தை மறக்கவும் சொல்லவில்லை. அந்தப் பிரகடனத்தையே அளவுகோலாக்கி அந்த மாளிகையை அளக்கச் சொல்கிறோம். தோழர்களே, எந்த மாளிகையின் முன் நின்றாலும் தூண்களை எண்ணுவதோடு திரும்பிவிடாதீர்கள். பின்வாயில் எங்கே, அதன் வழியே வந்தவர் யார் என்று கேளுங்கள்.